சாளுவன்குப்பத்து மணல்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலோடு திரும்பிவிடாமல் வடக்கே சாளுவன்குப்பம் வரை போய்ப் பாருங்கள். புலிக்குகைக்குப் பக்கத்தில் மணலுக்கடியிலிருந்து மீண்ட முருகன் கோயில் இருக்கிறது. 2004 சுனாமி மணலை அரித்தபோது கல்வெட்டுள்ள பாறை ஒன்று வெளியே தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறை தோண்டியது. மேலே பல்லவர் காலக் கருங்கல், அதற்கும் கீழே அதைவிடப் பழைய செங்கல் கட்டுமானம், வாசலில் கல்லாலான வேல்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, கும்பிட்டுவிட்டேன். மகளுக்கும் அதே சிலிர்ப்புதான், ஆனால் பழைய பேரலைதான் இதை மூடியிருக்கும் என்று சொன்னதும் அவளுக்கு அது கேள்வியாக வந்தது.

"முன்னாடியும் அலைதான் மூடிச்சுன்னு எப்படிப்பா சொல்றாங்க?"

காற்று கொண்டுவரும் மணல் பொடியாக, சீராகப் படியும். பேரலை வாரிக் கொட்டியதில் கிளிஞ்சலும் உடைசலும் கடலடி நுண்ணுயிர்களின் ஓடுகளும் கலந்து கிடக்கும். அப்படிப்பட்ட படிவுகளை வைத்துத்தான் பழைய பேரலைகள் இந்தக் கோயிலைச் சாய்த்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். புதைத்ததும் அலை, காட்டிக்கொடுத்ததும் அலை!

ஒரு மணல்துகள் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்பதைக்கூட ஆய்வகத்தில் அளக்கலாம் என்றேன். "அதெப்படி?" என்று பிடித்துக்கொண்டாள். செங்கல்பட்டு பஸ்ஸில் வீடு வரும்வரை இதே பேச்சுதான்.