நடுவில் கொஞ்சம் இடைவெளி விடுங்க!

அம்மாவும் அப்பாவும் நேருக்கு நேர் பேசி அப்போது 2 மாதமாகியிருந்தது. முப்பது வருஷம் குடியிருந்த ஊர் வீட்டை, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அப்பா விற்றுவிட்டார். அன்றிலிருந்து எல்லாமே என் வழியாகத்தான்.

"உங்கப்பாகிட்ட சொல்லுடா, காபி ஆறுது."

"தெரியும்னு சொல்லு."

ஆபீஸிலும் எனக்கு இதே உத்தியோகம்தான் என்பதால் சிரமம் தெரியவில்லை.

பொங்கல் லீவில் இருவரையும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏற்றினேன். ஆபீஸ் நண்பரிடம் காமிரா கடன் கேட்டேன். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி கண் கலங்கிக் கொடுத்தார். "சாயங்காலம் வானத்தை வெச்சு நிழலுருவமா எடு. முகம் தெரியாது. யாரும் சிரிக்க வேண்டியதில்லை. உங்க வீட்டு நிலவரத்துக்கு அதுதான் சரி!"

விடியற்காலையில் ஒத்திகை. மாடலாக நின்றவர் சாட்சாத் திருவள்ளுவர். 38 அடி பீடம், அதன்மேல் 95 அடி சிலை, மொத்தம் 133. அதிகாரங்களின் கணக்கு. 2000 ஜனவரி 1-ல் திறந்தார்கள். பகலில் பார்க்கிறபோது முகம், தாடி, விரல் என்று கண் அலைந்துவிடும். சிவந்த வானத்துக்கு முன்னால் கரிய உருவமாக நின்றபோதுதான், இடுப்பை லேசாக ஒசித்து நிற்கிறார் என்பதே எனக்கு உறைத்தது. முகம் மறைந்தால் நிற்கிற விதம் தெரிகிறது!

மாலையில் மேற்குக் கடற்கரைக்குப் போனோம். ஜனவரி நல்ல மாதம். சூரியன் கடலுக்குள்ளேயே இறங்கும். ஜூன், ஜூலையில் போனால் வடக்கே நகர்ந்து கரைப்பக்கமாக மறைந்து உங்களை ஏமாற்றிவிடும்.

முதல் படத்தில் வானம் வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்துக் கிடந்தது. பக்கத்தில் டூரிஸ்டுகளைப் படமெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் பொறுக்கமாட்டாமல் வந்தார்.

"காமிரா ஆளைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டுது சார். வானத்தைக் காட்டி பட்டனைப் பாதி அமுக்குங்க. அப்படியே புடிச்சுக்கிட்டு ஆள் பக்கம் திருப்புங்க. பிளாஷ் வேணாம். தரையில உட்காருங்க, அப்பத்தான் ஆளுக்குப் பின்னால வானம் மட்டும் வரும். அவங்களைப் பக்கவாட்டுல திரும்பச் சொல்லுங்க, மூக்கும் மோவாயும் தெரியணும். முக்கியமா, ரெண்டு பேருக்கும் நடுவுல இடைவெளி. ஒட்டி நின்னா ஒரே கறுப்பு மூட்டைதான்!"

"அந்தக் கவலை வேண்டாம்" என்றேன். பத்தடி தூரத்தில் ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள் இருவரும்.

ஆறேகாலுக்குக் கொஞ்சம் பிறகு சூரியன் முங்கியது. கூட்டம் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு கலைந்தது. அவசரப்படாதீர்கள், அதற்குப் பிறகுதான் விசேஷம். ஆரஞ்சு, ரத்தச் சிவப்பு, கத்தரிப்பூ என்று வானம் வரிசையாகச் சேலை மாற்றும். பூமத்திய ரேகைக்குப் பக்கமான ஊர். சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக விழுவதால் சீக்கிரம் இருட்டிவிடும். கையில் இருப்பது 20 நிமிஷம் போலத்தான்.

மணலில் உட்கார்ந்து காமிராவைத் தூக்கினேன். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, லேசான கூன். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. முகமே தெரியாவிட்டாலும் ஊரில் எவனும் அடையாளம் சொல்வான். நடுவில் பிரமாதமான இடைவெளி.

பட்டனைப் பாதி அமுக்கியிருந்தேன். திடீரென்று ஒரு பெரிய அலை முழங்கால் வரை ஏறி வந்தது. அம்மா தடுமாறினாள். அப்பா பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து நீட்டினார்.

"பாத்து வாடி."

இரண்டு மாதத்தில் முதல் நேரடி வார்த்தை. பதறிப்போய் முழுசாக அமுக்கிவிட்டேன்.

பெரியவர் திரையை எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். "வேஸ்ட் சார். ரெண்டும் ஒட்டிக்கிச்சு."

திரும்பும் ரயிலில், "ஏங்க, தண்ணி பாட்டில் எங்க?" என்று அம்மா நேராக அப்பாவைக் கேட்டாள். விற்ற வீடு விற்றதுதான்; அந்த வருத்தம் அம்மாவுக்கு இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் வாடகை வீட்டின் கூடத்தில் முதலில் மாட்டிய படம் அதுதான். இடம் பார்த்து ஆணி அடிக்கச் சொன்னவளும் அவள்தான்.

காமிராவைத் திருப்பிக் கொடுத்தபோது நண்பர் படத்தைப் பார்த்தார்.

"என்னய்யா, ஒரே கறுப்பு மூட்டையா இருக்கு?"

"ஆமாம் சார். எனக்குத் தபால்காரன் வேலை போயிடுச்சு!"