சூடானால் மட்டும் வரும் எஃப் 3

திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. சமையலறை அலமாரிக்குள் பதித்த மின்சார ஓவனின் சின்னத் திரையில் 'எஃப் 3' மினுங்குகிறது. கூடவே நிற்காத பீப் சத்தம். வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் பெண் அவர். மறுநாள் காலைக்கு இரண்டு பிறந்தநாள் ஆர்டர் கையில் இருக்கிறது. முன்பு வந்து பார்த்தவர், "போர்டு போயிடுச்சு மேடம், 12,000 ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போய் மூன்று நாள் ஆகிறது.

இப்போது வந்திருப்பவர் ஓவனைத் தொடவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆன் பண்ணின உடனே வருதாம்மா, சூடானப்புறம் வருதா?"

"சூடானப்புறம்தாண்ணா. இருபது நிமிஷம் நல்லாத்தான் ஓடுது."

"ஆறினா தானா சரியாயிடுதா?"

"ஆமாண்ணா."

"அதுக்கு முன்னாடி கேக்கெல்லாம் ஒழுங்கா வந்துச்சா?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: ஒரு மாதமாகவே கேக் நடுவில் வேகாமல் அமுங்கிப் போகிறது. பேக்கிங் பவுடர் பழசோ என்று மாற்றிப் பார்த்தார், வெண்ணெயை மாற்றினார், தன் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மெக்கானிக் தலையாட்டிக்கொண்டார். "மெயினை ஆஃப் பண்ணுடா" என்று உதவிக்கு வந்த பையனிடம் சொன்னார்.

அன்று காலையிலிருந்து அவர்களுடைய பைக்கின் பின்னால் நானும் சுற்றிக்கொண்டிருந்தேன். மெக்கானிக்குக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, இஸ்திரிப் பெட்டி, மிக்சி, கிரைண்டர் என்று பழகி ஓவனுக்கு வந்து சேர்ந்தவர். பையில் மல்டிமீட்டர், மெக்கர், கிரிம்பிங் டூல், பழைய பிஸ்கட் டின் நிறைய, ஒயர் முனையில் அழுத்தும் லக்கும் கனெக்டரும். இவற்றோடு அட்டை கிழிந்த ஒரு டைரி. அதில் கம்பெனி வாரியாகக் கோளாறு எண்களைக் குறித்து வைத்திருக்கிறார். ஒரு கம்பெனியில் சென்சாரைக் குறிக்கும் எண், இன்னொன்றில் கதவுப் பூட்டைக் குறிக்கும். அந்தப் பட்டியல் பெரும்பாலும் வாடிக்கையாளருக்குத் தரும் கையேட்டில் இருக்காது; சர்வீஸ் ஆட்களுக்கான புத்தகத்தில்தான் இருக்கும். 2022 டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், இத்தகைய விவரங்கள் எல்லோருக்கும் கிடைக்க, 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென்று ஒன்றிய அரசு ஒரு இணையதளம் தொடங்கியது. வீட்டு உபயோகப் பொருட்களும் அதில் ஒரு பிரிவு. அதைப் பற்றிக் கேட்டபோது அவர் டைரியைத்தான் தட்டிக் காட்டினார்.

அந்த டைரிப்படி, இந்த ஓவனில் எஃப் 3 என்றால் வெப்ப சென்சாரின் சுற்று அறுந்திருக்கிறது என்று பொருள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சென்சார் என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சென்சாரை மாற்றுவார்கள். மறுபடியும் வந்தால் போர்டை மாற்றுவார்கள். ஆனால் போர்டுக்குச் சென்சாரும் தெரியாது, சூடும் தெரியாது. இரண்டு ஒயர் வழியாக வந்து சேரும் மின்தடை மட்டும்தான் அதற்குத் தெரியும். தடை எல்லை மீறி ஏறினால் எஃப் 3 என்று கத்தும். அந்த இரண்டு ஒயரின் வழியில் எந்த இடத்தில் விட்டுப்போனாலும் எண் ஒன்றுதான்.

ஓவனை அலமாரியிலிருந்து வெளியே எடுக்க நாலு கை வேண்டும். பக்கவாட்டில் ஸ்க்ரூவைக் கழற்றி, பையன் ஒரு பக்கம் பிடிக்க, மெல்ல இழுத்துத் தரையில் விரித்த போர்வைமேல் இறக்கினார்கள். பின்பக்கத் தகட்டைக் கழற்றியதும் கண்ணாடிப் பஞ்சு. சட்டையின் முழுக்கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டுக்கொண்டார். பட்டால் ராத்திரி முழுக்க அரிக்குமாம்.

சென்சார் என்பது பென்சில் கனத்தில் ஒரு எஃகுக் குச்சி. அதன் நுனிக்குள் பிளாட்டினம் இருக்கிறது. சூடு ஏற ஏறப் பிளாட்டினத்தின் தடையும் ஏறும் என்பதை வைத்து வெப்பத்தை அளக்கலாம் என 1871இல் வில்லியம் சீமென்ஸ் சொன்னார். 1887இல் கேலண்டர் என்பவர் அதை நம்பகமான கருவியாக்கினார். இந்த ஓவனில் இருப்பது சுழியம் டிகிரியில் 1,000 ஓம் காட்டும் வகை. டிகிரிக்கு நாலு ஓமுக்குச் சற்றுக் குறைவாக ஏறும்.

கனெக்டரைக் கழற்றி, சென்சாரின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார். 1,121. "ரூம்ல முப்பத்தோரு டிகிரி இருக்கு, சரியாத்தான் சொல்லுது" என்றவர், அந்தப் பெண்ணைப் பார்த்து, "கொஞ்சம் தண்ணி கொதிக்க வைங்கம்மா" என்றார். டீ போடச் சொல்கிறார் என்றுதான் நான்கூட நினைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் குச்சியின் நுனியை மட்டும் அதற்குள் விட்டார். எண்கள் ஓடிப் போய் 1,385இல் நின்றன. கடலோரச் சென்னையில் கொதிநீர் 100 டிகிரி. அதற்கு வரவேண்டிய எண்ணும் அதுவே. இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. சென்சார்மேல் குற்றமில்லை என்று ஆகிவிட்டது.

சென்சாரை மறுபடி மாட்டினார். இப்போது போர்டுப் பக்கத்துக் கனெக்டரை உருவி, மீட்டரை அந்த முனையில் வைத்தார். 1,121தான். ஒயரை விரலுக்கு விரல் அசைத்துக்கொண்டே வரும்படி பையனிடம் சொன்னார். முதல் ஒரு அடிக்கு ஒன்றும் இல்லை. சென்சாருக்குப் பக்கத்துக் கனெக்டரில் கை பட்டதும் 1,160. இன்னும் கொஞ்சம் அசைத்தால் 1,240. பிறகு எண்களே மறைந்து 'ஓ.எல்.' என்றது மீட்டர், சுற்று அறுந்த மாதிரி.

"அண்ணே!"

"புடிச்சியா? ஆட்டாத, அப்படியே வை."

கனெக்டரைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். வெள்ளையாக இருக்கவேண்டிய பிளாஸ்டிக் ஒரு ஓரத்தில் டீ நிறத்துக்குப் பழுத்திருந்தது. உள்ளே ஒரு லக் கருத்து, விளிம்பில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. உப்புக் காற்று பாதி, பின்பக்கத் தகட்டின் சூடு பாதி. ஆறியிருக்கும்போது லக் எப்படியோ ஒட்டிக்கொள்ளும். சூட்டில் உலோகம் விரியும்போது பிடி விட்டுவிடும்.

கேக்குக்கும் அங்கேயே விடை இருந்தது. பிடி முழுதாக விடுவதற்கு முன்பு, பல நாள் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. அந்தக் கெட்டுப்போன இணைப்பு ஒரு 100 ஓம் கூடுதலாகச் சேர்த்தால், ஏறக்குறைய 27 டிகிரி அதிகச் சூடு இருப்பதாகப் போர்டு நம்பும். 180 வைத்தால் 153இலேயே ஹீட்டரை நிறுத்திவிடும். பாவம், அந்தப் பெண் பேக்கிங் பவுடரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

சரிசெய்ய அரை மணிகூட ஆகவில்லை. கருத்த பகுதியை வெட்டி எடுத்து, ரிச்சி தெருவில் வாங்கி வைத்திருந்த செராமிக் கனெக்டரைப் பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்தார். பையன் சோல்டரிங் அயர்னுக்குக் கையை நீட்டினான், வாங்கிக் கட்டிக்கொண்டான். சாதாரண ஈயப் பற்று 183 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும், ஓவனுக்குப் பின்னால் அதை நம்பக்கூடாது. லக்கை இறுக்கி அழுத்துவதுதான் முறை. அழுத்திய பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தார். கனெக்டர் தகட்டைத் தொடாதபடி ஒயரைத் தள்ளிக் கட்டினார்.

மூடுவதற்கு முன் ஹீட்டரையும் பார்த்துவிடுவது அவர் வழக்கம். 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 26 ஓம் காட்டவேண்டும், காட்டியது. பிறகு 500 வோல்ட் மெக்கரை வைத்து எர்த்துக்குக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார். ஹீட்டர் குழாய்க்குள் நிக்ரோம் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருக்கும். அது ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் நாள்கணக்கில் ஓவனைப் போடாமல் வைத்திருந்துவிட்டுத் திடீரென்று போட்டால், 30 மில்லியாம்பியர் கசிந்தாலே வீட்டின் கசிவுத் தடுப்பு ஸ்விட்சான ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். மொத்த வீடும் இருட்டு. எல்லோரும் ஷார்ட் சர்க்யூட் என்பார்கள். "ஈரம் குடிச்சிருக்கு" என்பார் இவர். அந்த ஹீட்டரைக் கழற்றிக்கொண்டு போய், தன் கடையில் இருக்கும் வேறொரு ஓவனுக்குள் வைத்துச் சில மணி நேரம் காய வைப்பார். ஓவனை ஓவனில் வைத்துச் சுடுகிற கூத்து.

ஓவன் அலமாரிக்குள் ஏறியது. 180 வைத்துவிட்டு எல்லோரும் காத்திருந்தோம். இருபது நிமிடம் ஆனபோது அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி. நாற்பது நிமிடம். பீப் வரவில்லை. அவர் மைதாவைச் சலிக்க ஆரம்பித்துவிட்டார்.

மெக்கானிக் 800 ரூபாய் வாங்கிக்கொண்டார். கருத்த லக்கைக் குப்பையில் போடாமல் டின்னுக்குள் போட்டார். பையனுக்குக் காட்டிச் சொல்லிக்கொடுக்க அப்படி நிறைய சேர்த்து வைத்திருக்கிறார். டைரியில் எஃப் 3க்குப் பக்கத்தில் 'சூடான பிறகு' என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"சொல்லுங்க சார்... வீடு ஃபுல்லா கரண்ட் போகுதா, ஓவன் போட்டா மட்டுமா?... கடைசியா எப்ப போட்டீங்க?... ஊருக்குப் போயிட்டீங்களா, சரி சரி."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். "மெக்கரை மேல வைடா" என்றார் பையனிடம்.