வண்டிக்குள் ஒரு கக்கூஸ்

மாமா வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்திட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி, "இதென்ன, கோழிக்கூடே?"

ஸ்காபரோவில் மாமா வீட்டு வாசலில், பனிக்குள் பாதி புதைந்தபடி ஒரு வெள்ளை முட்டை நின்றது. ரெண்டு சில்லு, ஒரு கதவு, 13 அடி நீளம. போலர் என்கிற பழைய கனேடிய ட்ரெயிலர். காருக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு போய் ஏரிக்கரையோ காட்டோரமோ நிறுத்தி, அதுக்குள்ளேயே சமைத்து, அதுக்குள்ளேயே படுக்கலாம். எழுபதுகளில் செய்தது. தன்னை விட எட்டு வயது இளமை என்று மாமா பெருமையாகச் சொன்னார்.

அடுத்த கிழமை எனக்கே கோல் வந்தது. "பிள்ளை, நீ கம்பஸிலை மப் கீறுற ஆள்தானே. எனக்கு இதுக்கு ஒரு பிளான் கீறித் தா."

நான் கலைப்பீடம், இரண்டாம் வருஷம், புவியியல். சமவுயரக்கோடு கீறத் தெரியும். ட்ரெயிலருக்குள் கக்கூஸ் வைக்கிறது பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் மாமா கேட்டது அதைத்தான். 13 அடி போலர்கள் பெரும்பாலும் கக்கூஸ் இல்லாமலே வந்தவை. கட்டில், மேசை, சின்னக் குசினி, அவ்வளவுதான். மாமாவுக்கு அது காணும். மாமிக்குக் காணாது.

மாமிக்கு நீரிழிவு. மணித்தியாலத்துக்கு ஒருக்கா போகவேணும். கனடாவுக்குப் போய் இருபத்தைந்து வருஷத்தில் அவ நயாகராவைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. ஆராவது கூப்பிட்டால், "நீங்கள் போட்டு வாங்கோ, எனக்கு இஞ்சை வேலை கிடக்கு" என்பா. வேலை ஒன்றும் கிடவாது. வழியில் எத்தனை கக்கூஸ் இருக்கு, கதவு பூட்டுமா, வரிசை எவ்வளவு என்ற கணக்குத்தான்.

அந்தக் கணக்கு எனக்குப் புதுசில்லை. இதை வாசிக்கிற பெட்டையளுக்கும் புதுசாக இராது. இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போறதென்றால் நான் மத்தியானத்தோடு தண்ணி குடிக்கிறதை நிப்பாட்டிவிடுவேன். ஏ9 வீதியில் பஸ் நிற்கிற கடையில் கொளுக்கி இல்லாத கதவை வெளியில் ஒரு சிநேகிதி பிடித்துக்கொண்டு நிற்க, உள்ளே மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்த அனுபவம் எனக்கு உண்டு. ஆம்பிளைப் பெடியள் பஸ்ஸுக்குப் பின்னால் இருட்டுக்குள் போய் ரெண்டு நிமிசத்தில் திரும்பி வந்து பிளேன்ரீ குடிப்பினம். அதனால் மாமாவின் கேள்வியை நான் பகிடியாக எடுக்கவில்லை. சதுரக்கோட்டுத் தாள் எடுத்துக்கொண்டு இருந்தேன்.

கொமட்டை எங்கேயும் வைக்கலாம். பிரச்சினை அதுக்குக் கீழே இருக்கிற கழிவுத் தாங்கி. வீட்டில் குழி ஒரு இடத்தில் கிடக்கும். இங்கே குழியும் மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் எங்களோடு வரும்.

நான் கீறிக்கொண்டிருந்ததை அம்மம்மா எட்டிப் பார்த்தா. "கிணறு எங்கை?" என்று கேட்டா. யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுற ஆக்களின் முதல் கேள்வி அது. எங்கட நிலம் சுண்ணாம்புக்கல். வெடிப்புகளால் எதுவும் இறங்கும். குழிக்குள் போறது கிணத்துக்கு வர கனகாலம் செல்லாது. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடிப்போனதுக்கு உரத்தோடு சேர்த்து மலக்குழிகளும் காரணம் என்று எங்களுக்குப் படிப்பிக்கினம். அம்மம்மா படிக்காமலே சொல்லுவா. ட்ரெயிலருக்குள் நல்ல தண்ணித் தாங்கிக்கும் கழிவுத் தாங்கிக்கும் நாலடிதான் இடைவெளி என்று சொன்னதும் அவ தலையில் கை வைத்தா. "அதுகள் ரெண்டும் மூடின தாங்கி அம்மம்மா, குழாயும் வேற வேற" என்றேன். நம்பவில்லை.

மாமாவின் முதல் விருப்பம் பின்பக்கம். வெளியேற்றுற குழாயைப் பின்னாலேயே விட்டால் லேசு, மணமும் தள்ளி இருக்கும் என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. பிறகுதான் பாரத்தைப் பற்றி வாசித்தேன்.

இப்படி இழுக்கிற ட்ரெயிலரின் மொத்தப் பாரத்தில் பத்திலிருந்து பதினைந்து வீதம் முன்னால், காரோடு கொழுவுற இடத்தில் அமர வேண்டும். அது குறைந்தால் ஓடும்போது பின்பக்கம் வால் மாதிரி ஆடத் தொடங்கும். கூடினால் காரின் பின்பக்கத்தை அமத்தி, முன்சில்லுகளின் பிடியைக் குறைக்கும். மாமாவை அளந்து பார்க்கச் சொன்னேன். அவர் மாமி நிறை பார்க்கிற தராசைக் கொண்டுபோய்க் கொழுவிக்குக் கீழே வைத்தார். சாமான்களோடு மொத்தம் 560 கிலோ, முன்னால் 60. ஏறத்தாழ பதினொரு வீதம்; நல்லம். இனி அச்சுக்குப் பின்னால் 1.1 மீற்றரில் 40 லீற்றர் தாங்கி ஒன்றை வைத்து நிரப்பிப் பாருங்கோ. ஒரு லீற்றர் ஒரு கிலோ. அச்சிலிருந்து கொழுவி 2.6 மீற்றர். நாற்பதை 1.1 ஆல் பெருக்கி 2.6 ஆல் பிரித்தால் 17. ஓஎல் விஞ்ஞானத்தில் படித்த அதே நெம்புகோல்தான். முன்னால் இருந்த 60 இப்ப 43, மொத்தம் 600. ஏழு வீதம். வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது ஒழுங்காக ஓடின வண்டி, மாமி நாலு நாள் பாவித்த பிறகு திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் ஆடும்.

"அப்ப முன்னுக்கு வைப்பம்" என்றார் மாமா. அதுக்கும் இடம் சரிவரவில்லை. முட்டையின் முன்பக்கம் வளைந்து இறங்குது. தாங்கிக்கு மேலே கொமட்டை வைத்தால் இருக்கிற ஆளின் தலை கூரையில் இடிக்கும். நிலத்துக்குக் கீழே தாங்கியைத் தொங்கவிடலாம் என்றால் அடிப்பாகம் றோட்டிலிருந்து அவ்வளவு உயரமில்லை. அதோடு இந்தப் பழைய சட்டங்கள் அச்சுக்குச் சற்று முன்னால் வெடிக்கிறது வழமை. மாமாவின் சட்டத்திலும் அந்த இடத்தில் ஒரு மயிர்க்கோடு தெரிந்தது. ஒட்டவைத்துப் பலப்படுத்தினாலும் அதன் முன்னால் போய் இன்னும் நாற்பது கிலோவை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

மிச்சம் நடுப்பகுதி. கதவுக்கு எதிரே உடுப்பு அலுமாரி இருந்த மூலை. பாரத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, அச்சுக்கு மேலேயே கிட்டத்தட்ட. ஆனால் அச்சு இருப்பதாலேயே கீழே தாங்கி தொங்கவிட இடமில்லை. அந்த மூலைக்குப் பொருந்துறது ஒன்றுதான்: கசெற் கொமட். ஆசனத்துக்குக் கீழே பதினெட்டு லீற்றரளவில் ஒரு பெட்டி. வெளிச்சுவரில் ஒரு சின்னக் கதவு வெட்டி, அதால் பெட்டியை இழுத்தெடுத்து, கொண்டுபோய் ஊத்திக் கழுவித் திரும்பச் செருகலாம். நிரம்பினாலும் முன்பாரம் ஒன்றரைக் கிலோ கூட மாறாது. மூன்று நாள் இருந்து கீறின படத்தை மாமாவுக்கு அனுப்பினேன். எனக்கே என்னில் ஒரு பெருமை.

மாமா ரெண்டு நாள் பதில் போடவில்லை. பிறகு வொய்ஸ் மெசேஜ் வந்தது. "பிள்ளை, கணக்கெல்லாம் சரி. ஆனா நான் வாளி காவ மாட்டன்."

வாளி. நான் பெட்டி என்றுதான் எழுதியிருந்தேன்.

அம்மம்மாவிடம் கேட்டேன். அவையள் முந்தி ரவுணுக்குள் இருந்தவை. மாமா சின்னப் பெடியனாக இருந்த காலத்தில் அங்கே வாளிக் கக்கூஸ். விடிய முதல் பின் ஒழுங்கையால் ஆக்கள் வந்து வாளியை எடுத்துக்கொண்டு போவினம். அவை வாற நேரத்தில் பிள்ளையளை அந்தப் பக்கம் விடுறதில்லை. தேத்தண்ணி கொடுத்தால் சிரட்டையில்தான். "அவையின்ர பேர் என்ன அம்மம்மா?" என்று கேட்டேன். பேர் தெரியாது. சாதிப்பேர் தெரியும். அதை அவ யோசிக்காமலே சொன்னா.

முப்பது வருஷமாகக் கனடாவில் இருக்கிற, தொழிற்சாலையில் இரவு வேலை செய்து வீடு வாங்கின, சாதியெல்லாம் ஊரோட போச்சு என்று ஒவ்வொரு கலியாண வீட்டிலும் சொல்லுற என்ர மாமா. தன்ர மனுசியின் பதினெட்டு லீற்றரை நூறு யார் தூரம் கொண்டுபோக அவருக்குக் கை வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அதைவிடக் கூட வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அவர் சொன்னதும் எனக்கும் அந்தப் பெட்டியை ஒருக்கா மனதில் தூக்கிப் பார்க்கவேணும் போல இருந்தது. பார்த்தேன். முகம் சுளித்தேன்.

இந்த இடத்தில்தான் ஒன்று உறைத்தது. ஒரு மாசமாக நானும் மாமாவும் கதைக்கிறோம். மாமியிடம் ஆரும் கேட்கவில்லை.

கோல் எடுத்தேன். மாமா குழாய்த் தாங்கிதான் வேணும் என்கிறார், அது பின்னுக்கு வைத்தால் ஆபத்து, முன்னுக்கு இடமில்லை, கசெற் என்றால் ஆராவது தூக்கவேணும் என்று எல்லாம் சொன்னேன். மாமி கேட்டுக்கொண்டிருந்திட்டு, "உள்ளுக்குள்ள இருந்து பூட்டலாமோ?" என்றா.

"ஓம் மாமி."

"அப்ப அதைப் போடு. நான் காவுறன்."

பின்னால் மாமா ஏதோ சொல்லுறது கேட்டது. மாமி போனைக் கையால் பொத்தாமலே அவருக்குச் சொன்னா: "இஞ்சருங்கோ, இருபது வருஷமா நான் முதியோர் இல்லத்திலை என்ன வேலை செய்யிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறியள்? அந்தக் காசிலைதானே இந்த வீட்டுக் கடனும் கட்டினது. அப்ப உங்களுக்கு மணக்கேல்லையே?"

மாமா ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. மாமி என்னிடம், "சாப்பிட்டியே பிள்ளை?" என்று கேட்டா.

சித்திரையில் வெட்டினார். ஐம்பது வருஷம் பழைய ஃபைபர்கிளாஸ் கோதில் ஓட்டை போட ஆருக்கும் கை நடுங்கும். மாஸ்க், நீட்டுக்கை சேர்ட் எல்லாம் போட்டும் கண்ணாடித் தூள் பட்டு ரெண்டு நாள் சொறிந்தாராம். இதுக்குள் நான் வாசித்தறிந்த ஒரு விஷயத்தை அவருக்குச் சொன்னேன். 1968 இல் வின்னிபெக்கில் போலரை உருவாக்கின ரே ஒலெக்கோ என்ற மனிசன், அதுக்கு முதல் ஃபைபர்கிளாஸில் செய்தது மலக்குழித் தாங்கி. பாரமில்லாத தாங்கி செய்யலாம் என்றால் பாரமில்லாத ட்ரெயிலரும் செய்யலாம் என்றுதான் இது பிறந்தது. பேர், போலர் தொப்பியின் உருவத்தால் வந்தது. "அப்ப நான் வாங்கினதே ஒரு மலக்குழியைத்தான் எண்டிறாய்" என்றார் மாமா. கனநாளைக்குப் பிறகு சிரித்தார்.

கதவுச் சட்டம் ஒரு பக்கம் கொஞ்சம் கோணல். மழைக்கு ஒழுகாமல் இருக்க ரெண்டு தரம் பசை பூசினவர். நல்ல தண்ணியை வீட்டில் நிரப்பாமல் போய்ச் சேர்ந்த பிறகு நிரப்பச் சொல்லியிருக்கிறேன், அதுவும் பாரம்தானே.

ஆடியில் சுப்பீரியர் ஏரிப் பக்கம் போனவை. ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்கள் பலவற்றில் ட்ரெயிலர் கழிவு ஊத்தவென்று தனி இடம் உண்டு. அங்கே மாமி கையுறையோடு நிற்கிற படம் வந்தது. பின்னால் ஏரி, கடல் மாதிரி. அதோடு ஒரு வொய்ஸ் மெசேஜ். அம்மம்மாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகப் போட்டேன்.

"பிள்ளை, நான் வாற வழியிலை ரெண்டு போத்தில் தண்ணி குடிச்சனான். முதல் ரெண்டு நாளும் நான்தான் கொண்டுபோனது. இண்டைக்கு எழும்பிப் பாக்கிறன், பெட்டி கழுவிக் கிடக்கு. கொம்மான் விடிய அஞ்சு மணிக்கே, ஆரும் எழும்ப முதல் கொண்டுபோட்டார். ஆரும் பாக்கக்கூடாதாம்."