அன்யாவும் எங்கட ராத்தாவும்

ஸ்டடி லீவுக்கு ஒலுவில் ஹாஸ்டல்ல பாதிப்பேர் ஊருக்குப் போயிட்டாங்க. மிஞ்சின நாலு பேரும் ஒரு லெப்டொப்பை நடுவில் வைத்துக்கொண்டு, சும்மா சிரிக்கலாம் எண்டுதான் ‘ஸ்பை எக்ஸ் ஃபேமிலி’ போட்டோம். சிரிக்கவும் செய்தோம். நாலாவது எபிசோட்டில் நான் மட்டும் எழும்பி வெளியே போய்விட்டேன். ஏன் எண்டு அவங்களுக்குச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

பார்க்காதவர்களுக்குக் கதை இதுதான். டட்சுயா எண்டோ 2019இல் தொடங்கிய மங்கா. 2022 ஏப்ரலில் அனிமேயாக வந்தது. பனிப்போரில் இருக்கும் இரண்டு நாடுகள். ஒரு நாட்டின் உளவாளிக்கு மற்ற நாட்டு அரசியல்வாதி ஒருவரை நெருங்க வேண்டும். அவரோ மகனின் பாடசாலை விழாக்களுக்கு மட்டும்தான் வெளியே வருவார். அந்தப் பாடசாலைக்குள் நுழைய உளவாளிக்கு ஒரு பிள்ளை தேவை. லோய்ட் என்ற பெயரில் அநாதை இல்லத்திலிருந்து அன்யாவைக் கூட்டி வருகிறான். நேர்முகத்துக்குத் தாயும் வர வேண்டும் என்கிறார்கள். அப்படி வருகிறவள்தான் யோர். வயது 27, கலியாணம் முடிக்கவில்லை. அதற்காகவே ஒபிஸில் கதைக்கிறார்கள், அந்த ஊரில் சந்தேகப்படவும் செய்வார்கள். (எங்க ஊரை யார் இவங்களுக்குச் சொன்னது?) அவள் உண்மையில் கூலிக்கொலைகாரி. இருவருக்கும் மற்றவரின் ரகசியம் தெரியாது. அன்யாவுக்கு மனதில் நினைப்பது கேட்கும். அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் வாயே திறக்க மாட்டாள். திறந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். ஏற்கனவே எடுத்தவர்கள் பலமுறை திருப்பி விட்ட பிள்ளை அவள்.

நாலாவது எபிசோட்டில் அந்த நேர்முகம் வருகிறது. ஒரு ஆசிரியர் அன்யாவிடம், முந்தின அம்மாவா இந்த அம்மாவா, யாருக்குக் கூடப் புள்ளி போடுவாய் என்று கேட்கிறார். பிள்ளையின் கண் நிறைகிறது. லோய்ட் மேசையை ஓங்கிக் குத்தி உடைத்துவிட்டு, நுளம்பு இருந்தது என்கிறான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ராத்தாவின் ஞாபகம் வந்தது.

ராத்தா என் பெரியும்மாவின் மகள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி எனக்கு ஒரு வயது, அவவுக்கு நாலு. அன்றைக்கு அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். பெரியும்மாவும் பெரியப்பாவும் அதில் இரண்டு பேர். மருதமுனையில் எங்கட வீட்டில்தான் ராத்தா வளர்ந்தா. எனக்கு ஒன்பது வயது வரைக்கும் அவ என் கூடப் பிறந்தவ இல்லை என்றே தெரியாது.

அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப்பில் ராத்தாவுக்குப் புள்ளி காணாமல் போனபோது, ஒரு டீச்சர் வகுப்பில் வைத்து, “சொந்த உம்மா இருந்திருந்தா கவனிச்சிருப்பா” என்று சொன்னாவாம். அடுத்த நாள் உம்மா அபாயாவைப் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போனா. என்ன சொன்னா எண்டு இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. உம்மாவின் நுளம்பு அது.

போன மாதம் ராத்தாவுக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். எங்கட பக்கம் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வந்தவர்களில் ஒருவர் கேட்டார்: “இது ஒங்கட சொந்தப் புள்ளயா? வீடு யாருக்கு?”

உம்மா தேத்தண்ணித் தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தா. “மூத்த மகள். வீடு மூத்தவளுக்குத்தான்.”

வாப்பா பத்து வருடம் கட்டாரில் நின்று கட்டிய வீடு. எனக்குச் சுருக்கென்றது. அந்த ஒரு நொடி நானும் அந்த ஆசிரியர் மாதிரித்தான் மனதுக்குள் புள்ளி போட்டுப் பார்த்தேன். சொந்தம் யார், வந்தவ யார் எண்டு. அதற்குப் பிறகு ரெண்டு கிழமை வீட்டுக்குப் போகவில்லை. அசைன்மென்ட் இருக்கு என்றேன்.

இந்த அனிமேயில் குறை இல்லாமல் இல்லை. கொலையெல்லாம் பகிடியாகிப் போகிறது; 25 நிமிடத்துக்குள் எல்லாம் சரியாகிவிடுகிறது. ஆனால் ஒரு விசயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. அன்யாவின் சக்தியை நாங்க மந்திரம் எண்டு நினைக்கிறோம். திருப்பி அனுப்பப்படலாம் என்ற பயத்தோடு வளரும் பிள்ளை எல்லார் மனதையும் வாசிக்கத்தான் பழகும். பெருநாளுக்கு உடுப்பு எடுக்கப் போனால் ராத்தா எப்பவும், “முதல்ல தங்கச்சிக்கு எடுங்க” என்பா. நல்ல மனசு எண்டு நினைத்திருந்தேன். பயமாகவும் இருந்திருக்கலாம் என்று இப்போதுதான் படுகிறது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனேன். ராத்தாவுக்கு அந்த எபிசோட்டைப் போட்டுக் காட்டினேன். நுளம்புக்கு அவவும் சிரித்தா. முடிந்ததும் போனை என் கையில் தந்துவிட்டுக் கேட்டா:

“வீட்டுக்காகத்தானே புள்ள வராம இருந்த?”

பொய் சொல்ல முடியவில்லை. ஓம் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அடுத்த எபிசோட் இரிக்கா?” எண்டு கேட்டா.

இருந்தது. ரெண்டு பேரும் விடிய ரெண்டு மணி வரைக்கும் பார்த்தோம்.