கோடு விழுந்துவிட்டது

அன்புத் தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய எக்ஸ்ரேயைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மருந்து தொடங்கி மூன்று வாரம் ஆகியும் பாப்பாவின் கால் வளைவு அப்படியே இருக்கிறது என்று அழுதிருந்தாய். இப்போதைக்குக் காலைப் பார்க்காதே, மணிக்கட்டைப் பார். போன படத்தில் எலும்பு நுனி குழிந்து பிசிறடித்திருந்தது. இந்தப் படத்தில் அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறது. எலும்போடு ஒட்டாமல் நிற்கிறதே என்று பயந்துவிடாதே. ரிக்கெட்ஸ் ஆறத் தொடங்கினால் முதலில் அப்படித்தான் தெரியும்.

எலும்பு நுனியில் குருத்தெலும்புச் செல்கள் வரிசையாகப் பெருகி, பருத்து, கடைசியில் சாகவேண்டும். வைட்டமின் டி போதாமல் ரத்தத்தில் பாஸ்பேட் குறைந்தால் அவை சாகாமல் குவிந்துவிடும். பாப்பாவின் மணிக்கட்டு புடைத்தது அதனால்தான். அதற்குக் கீழே உருவான எலும்பும் கம்பி கட்டிக் கான்கிரீட் போடாத தளம் மாதிரி, புரதம் மட்டுமாக நின்றுவிட்டது. இப்போது வைட்டமின் டி கிடைத்ததும் குடல் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் நன்றாக உறிஞ்சுகிறது. அந்தத் தாது முதலில் படிவது முற்றிய குருத்தெலும்புச் செல்களின் இடைவெளியில். நீ பார்க்கும் கோடு அதுதான். கோட்டுக்கும் எலும்புத் தண்டுக்கும் நடுவில் கறுப்பாக இருப்பது வெற்றிடமில்லை, சுண்ணம் ஏறாத திசு. ரத்தக் குழாய்கள் உள்ளே நுழைய நுழைய அதுவும் வெளுத்து, தண்டோடு சேர்ந்துவிடும்.

கையில் தெரிவதை வைத்துக் காலை எப்படி நம்புவது என்று கேட்பாய். 1919இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், ரிக்கெட்ஸ் வந்த பிள்ளைகளுக்குப் புற ஊதா விளக்கொளி காட்டினார். ஒரு கைக்கு மட்டும் காட்டினாலும் மறு கையின் எலும்பும் ஆறியதை எக்ஸ்ரேயில் கண்டார். ரத்தத்தின் வழியே நடக்கும் வேலை இது. பாப்பாவின் முழங்காலிலும் இந்நேரம் நடந்துகொண்டுதான் இருக்கும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதே. எலும்பு இப்போது கால்சியத்தை வேகமாக இழுக்கும். அதனால் ரத்தத்தில் அது இறங்கிவிடலாம். டி சொட்டோடு கால்சியமும் தினமும் போகவேண்டும். ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம், குறைந்தது மூன்று மாதம். கை விரல் இழுத்துக்கொண்டாலோ வலிப்பு வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.

காலில் கட்டை வைத்துக் கட்டினால் நேராகும் என்று அத்தை சொல்வதை இப்போதைக்குத் தள்ளிப்போடு. இந்த வயசில் வளர வளரப் பெரும்பாலும் தானாகவே நிமிரும், ஆனால் வருஷக் கணக்காகலாம். ரத்தத்தில் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி இறங்கவும் மாதங்கள் ஆகும். அடுத்த ரிப்போர்ட்டில் அது கூடுதலாக இருந்தால் கலங்காதே. ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா