நீல வண்ணம் சொன்ன சாட்சி

ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன். வழக்குக்காக என்னிடம் வந்திருந்த அம்மா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது ஒற்றைத் தாள். "பழைய நீச்சல் குளம் புதுப்பித்தல், வாட்டர்ப்ரூஃபிங், மொசைக் டைல்ஸ் உட்பட, லம்ப்சம் ரூ. 2,85,000." கீழே ஒரு கையெழுத்து, ஒரு கைப்பேசி எண். மூன்று லட்சம் ரூபாய் வேலைக்கு எழுத்தில் இருந்தது அவ்வளவுதான்.

சென்னை நீலாங்கரையில் தொண்ணூறுகளில் கட்டிய வீடு. பின்புறம் 30 அடி நீளம், 15 அடி அகலத்தில் ஒரு குளம். ஆழம் ஒரு முனையில் மூன்றரை அடி, மறுமுனையில் ஆறடி. உள்ளே காங்கிரீட், அதன்மேல் சிமென்ட் பூச்சு, பூச்சுக்கு மேல் நீல பெயின்ட். பெயின்ட் உரிவதும் மறுபடி அடிப்பதுமாக இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்த அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. தண்ணீரில் நின்று செய்கிற பயிற்சியை மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால்தான் 2021-இல் குளத்தை ஒரேயடியாகச் சரிசெய்ய முடிவெடுத்தார்கள்.

அவர்களுக்கு வந்த கொட்டேஷன்கள் மூன்று. பழைய பெயின்டைத் தேய்த்துவிட்டு எபாக்ஸி பெயின்ட் அடிக்க சதுர அடிக்கு 95 ரூபாய் கேட்டார் ஒருவர். பழைய பூச்சை காங்கிரீட் தெரியும்வரை கொத்தி எடுத்து, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, ஒரு வாரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்து, கண்ணாடி மொசைக் ஒட்டி, இடுக்குகளில் எபாக்ஸி க்ரௌட் அடைப்பதற்கு 460 ரூபாய் என்றார் இன்னொருவர். மூன்றாவதுதான் மேலே சொன்ன லம்ப்சம்.

இங்கே ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். குளத்தின் தரை 450 சதுர அடி. வேலை தரையோடு முடிவதில்லை. சுற்றளவு 90 அடி, சராசரி ஆழம் நாலேமுக்கால் அடி. நான்கு சுவர்களும் சேர்ந்து ஏறத்தாழ 428 சதுர அடி. ஆக மொத்தம் 878. அந்தக் கணக்கில் பெயின்ட் வேலை சுமார் 83,000 ரூபாய். கொத்தி எடுத்துச் செய்யும் மொசைக் வேலை நான்கு லட்சத்துக்குச் சற்று மேல். லம்ப்சத்தை வகுத்துப் பார்த்தால் சதுர அடிக்கு 325 ரூபாய்கூட வராது. அதே டைல்ஸ், அதே குளம், விலை மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் குறைவு. எந்த வேலையைக் கழித்ததால் அந்த ஒரு லட்சம் குறைந்தது என்ற கேள்விதான் வழக்கு முழுவதும் எங்களோடு வந்தது.

ஆகஸ்ட் 9-இல் வேலை தொடங்கியது. 26-இல் குளத்தில் தண்ணீர். சிமென்ட் பூச்சு முழு பலம் பெற சுமார் 28 நாள் ஆகும் என்பது கொத்தனார் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இங்கே கொத்துதல், பூச்சு, வாட்டர்ப்ரூஃபிங், டைல்ஸ், க்ரௌட் எல்லாம் சேர்ந்தே மூன்று வாரம் ஆகவில்லை. டிசம்பரில் ஆழமான பக்கத்துச் சுவரிலிருந்து முதல் டைல்ஸ் தாள் விழுந்தது. ஜனவரிக்குள் அந்தச் சுவரில் பாதி காலி. கண்ணாடித் துண்டுகள் தரையில் கிடந்ததால் அந்த அம்மா தண்ணீரில் கால் வைப்பதை நிறுத்திவிட்டார். ஒப்பந்தக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பினார், அதன்பின் கைப்பேசியை எடுப்பதை விட்டுவிட்டார்.

நோட்டீஸ் அனுப்பினோம். பதில் வந்தது, பணம் வரவில்லை. 2022-இல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்தோம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்தரப்பின் பதிலுரையை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அனுபவமுள்ள வழக்கறிஞர் எழுதியது. இது கட்டுமான ஒப்பந்தம், சேவை அல்ல என்பது அதில் முதல் வாதம். வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று லக்னோ வளர்ச்சி ஆணையம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டதால் அது நிற்கவில்லை. நவம்பர் 2021-இல் பெய்த பெருமழையில் நிலத்தடி நீர் ஏறி, கீழிருந்து முட்டித் தள்ளியதில் டைல்ஸ் பெயர்ந்தது என்றது இன்னொன்று. தண்ணீரில் ஆசிட் அளவுக்கு மீறிக் கலந்தார்கள் என்றது மற்றொன்று. எனக்குக் கடினமாகத் தெரிந்தது கடைசி வாதம்: "பழைய பூச்சைக் கொத்தி எடுப்பதாக கொட்டேஷனில் எங்கும் சொல்லவில்லை. சொல்லாத வேலையைச் செய்யாதது குறைபாடாகாது."

மழை வாதத்தில் பாதி உண்மை இருந்தது. நீலாங்கரை இருக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் வெகுவாக மேலே வரும். அந்த நேரத்தில் குளத்தைக் காலி செய்தால் கீழே இருக்கும் நீரின் அழுத்தம் தரையைப் பிளக்கும், சில சமயம் குளத்தையே தூக்கிவிடும். ஆனால் அந்த நவம்பரில் இந்தக் குளம் நிறைந்திருந்தது. அறுபதாயிரம் லிட்டர், அதாவது அறுபது டன் எடை உள்ளே உட்கார்ந்திருந்தது. தரையில் ஒரு விரிசல் இல்லை. தண்ணீர் மட்டத்துக்கு அரையடி கீழே, சுவரின் மேற்பகுதியில்தான் டைல்ஸ் முதலில் விழுந்தது. நிலத்தடி நீர் அங்கிருந்து தொடங்காது.

நிபுணருடன் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பிப் பார்வையிடக் கேட்டு மனு போட்டோம். ஆணையம் அனுமதித்தது. 2023 ஜூலையில், நிலத்தடி நீர் இறங்கியிருந்த நாளாகப் பார்த்துக் குளத்தைக் காலி செய்தோம். ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர் சிறு சுத்தியலோடு உள்ளே இறங்கினார். ஒரு மூலையிலிருந்து அடிக்கொரு தட்டு. கெட்டியாக ஒட்டிய இடத்தில் ஒலி இறுகிக் கேட்கும். ஒட்டாத இடத்தில் 'டொப்' என்று வெற்றொலி வரும். வெற்றொலி கேட்ட இடத்தையெல்லாம் சாக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டே போனார். காலை முழுவதும் அது நடந்தது. மதியத்துக்குள் நான்கு சுவர்களிலும் வட்டம் விழாத இடத்தைத் தேட வேண்டியிருந்தது.

பிறகு ஓரடிக்கு ஓரடி நான்கு இடங்களில் வெட்டிப் பார்க்க முடிவானது. இரண்டு இடங்களை நாங்கள் சொல்வது, இரண்டை எதிர்தரப்பு சொல்வது என்று நான்தான் கேட்டேன். அவர்கள் வட்டம் விழாத இரண்டு இடங்களைக் காட்டினார்கள். நான்கிலும் ஒரே காட்சி. மேலே டைல்ஸ், அதன் பின்னால் சிமென்ட், சிமென்டின் முதுகில் தாள்போல ஒட்டிக்கொண்டு வந்த நீல பெயின்ட். பழைய பூச்சு ஓரிடத்தில்கூட உளிபடாமல் அப்படியே இருந்தது. சொரசொரப்பான காங்கிரீட்டின் துளைகளுக்குள் இறங்கித்தான் சிமென்ட் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான பெயின்டின்மேல் அதற்குப் பிடிமானம் கிடையாது. போதாக்குறைக்கு அந்தப் பெயின்டே ஏற்கெனவே சுவரிலிருந்து கழன்றுகொண்டிருந்தது. ஆசிட் வாதமும் அங்கேயே முடிந்தது. அங்கே போட்டிருந்தது சாதாரண சிமென்ட் க்ரௌட். ஆசிட் முதலில் அதைத்தான் அரிக்கும். விழுந்த தாள்களில்கூட க்ரௌட் கூர்மை குறையாமல் இருந்தது. குளத்தைப் பராமரித்த பையன் நோட்டில் எழுதிவைத்த பிஹெச் அளவுகளும் 7.2-க்கும் 7.8-க்கும் இடையிலேயே இருந்தன.

அப்போது ஓரமாக நின்ற ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி, யாரும் கேட்காமலே சொன்னார்: "கொத்துறதுக்குக் காசு தரலைங்க சார். அப்படியே மேல பூசச் சொன்னாங்க." எதிர்தரப்பு வழக்கறிஞர் உடனே ஆட்சேபித்தார். சாட்சியம் பதிவுசெய்வது ஆணையரின் வேலையல்ல, ஆட்சேபம் சரியானதுதான். பிறகு தனியாக அந்த மேஸ்திரியிடம், இதையே பிரமாணப் பத்திரமாகத் தருவீர்களா என்று கேட்டேன். "வேண்டாம் சார், நாளைக்கும் அவர்கிட்டதான் வேலைக்குப் போகணும்" என்றார். சம்மன் அனுப்பி வரவழைக்க மனு போட்டிருக்கலாம். நான் போடவில்லை. அவர் வயிற்றில் கை வைத்து ஜெயிக்க வேண்டிய நிலையில் எங்கள் வழக்கு இல்லை.

எங்களிடம் படங்கள் இருந்தன. அடுத்த தவணைப் பணம் கேட்பதற்காக ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரே அந்த அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியவை. ஒரு படத்தில் சுவர் முழுக்க நீலம். மறுநாள் படத்தில் பாதிச் சுவர்வரை ஈரப் பூச்சு, அதற்கு மேல் அதே நீலம், கொத்திய தடம் எதுவுமில்லை. அப்போது நடப்பிலிருந்த சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவுச் சான்றோடு தாக்கல் செய்தோம். நுகர்வோர் ஆணையத்தில் அவ்வளவு கறாராகக் கேட்க மாட்டார்கள் என்றாலும், மின்னணுப் பதிவை அப்படியொரு சான்று இல்லாமல் நான் எங்கேயும் கொடுப்பதில்லை.

"கொட்டேஷனில் சொல்லவில்லை" என்ற வாதத்துக்குப் பதில் வீட்டின் பின்புறமே கிடைத்தது. வாட்டர்ப்ரூஃபிங் ரசாயனம் வந்த காலி வாளிகளைத் தோட்டக்காரர் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். வாளியின் பக்கவாட்டில், பழைய பெயின்ட், எண்ணெய்ப் பிசுக்கு, தளர்ந்த பூச்சு எல்லாவற்றையும் நீக்கிய பிறகே பூச வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. வாட்டர்ப்ரூஃபிங் செய்து தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர், அந்தப் பொருள் கேட்கிற முறையில் அதைச் செய்து தரவும் கடமைப்பட்டவர் என்று வாதிட்டேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவு, வேலை செய்யும் முறையில் உள்ள குறையையும் குறைபாடு என்றே சொல்கிறது. ஆணையம் அதை ஏற்றது. உத்தரவில் வாளி வாசகத்தை அப்படியே எடுத்து எழுதியிருந்தார்கள்.

உத்தரவு 2024-இல் வந்தது. கொடுத்திருந்த 2,60,000 ரூபாயில், நல்ல நிலையில் இருந்த குழாய் முனைகளுக்கும் வடிகால் மூடிக்கும் 22,000 கழித்து, 2,38,000 ரூபாயை 9 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும். ஒட்டாத டைல்ஸையும் பழைய பூச்சையும் கொத்தி அகற்ற, பொறியாளர் மதிப்பிட்ட 72,000. மன உளைச்சலுக்கு 40,000. செலவுத் தொகை 10,000. மேல்முறையீட்டுக்கு 45 நாள் அவகாசம், அதற்கும் பாதித் தொகையை முதலில் கட்டியாக வேண்டும். எதிர்தரப்பு போகவில்லை, பணத்தைக் கட்டிவிட்டது.

ஒரு கோரிக்கை மட்டும் தள்ளுபடியானது. குளத்தை இரண்டு முறை நிரப்ப, முறைக்கு ஐந்து லாரித் தண்ணீர் வாங்கியிருந்தார்கள். லாரி வந்ததற்கும் பணம் கொடுத்ததற்கும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஆணையம் மறுத்தது சரியே. பழைய குளத்தைப் புதுப்பிக்கப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: கொத்தி எடுப்பது எத்தனை சதுர அடி, எதுவரை, எத்தனை நாள் ஊற விடுவது, தண்ணீர் நிறுத்திப் பார்ப்பது எத்தனை நாள் என்று கொட்டேஷனில் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். தண்ணீர் லாரிக்காரரிடமும் ரசீது கேளுங்கள்.