நடுவானில் விமானம்... தெருமுனையில் வர்ணனை!

ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 15 கிலோமீட்டர். காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம், மத்தியப் பேருந்து நிலையம், டி.வி.எஸ். டோல்கேட் வழியாகப் புதுக்கோட்டை சாலையில் போக வேண்டும். 2024 ஜனவரி 2-ம் தேதி பிரதமர் மோடி திறந்துவைத்த புதிய முனையம் அந்த ஆண்டு ஜூனில்தான் பயணிகளுக்குத் திறந்தது. ஸ்ரீரங்கம் கோயிலின் சாயலில் கட்டியிருக்கிறார்கள். நன்றாகவே இருக்கிறது.

ஆனால், எனக்குப் பிடித்த காட்சி கட்டடத்துக்கு வெளியேதான். திருச்சியில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகம். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா என்று போகிறவர்களை வழியனுப்ப, பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டைப் பக்கமிருந்து குடும்பமே வேன் பிடித்து வரும். ஒருவர் போக, பத்துப் பேர் கண் கலங்க நிற்பார்கள். முறுக்கு டின், ஊறுகாய் பாட்டில் சமாசாரமெல்லாம் வாசலிலேயே எடை பார்க்கப்படும். அந்தக் கூட்டத்தில் தவறாமல் ஒரு விமான நிபுணர் இருப்பார். ஏற்கெனவே நாலைந்து முறை பறந்தவர். பெல்ட் மாட்டுவதிலிருந்து பைலட் செய்யும் தப்புவரை எல்லாம் அவருக்கு அத்துப்படி.

அப்படியொரு நிபுணரின் முழுநீள வர்ணனையைக் கேட்டது 2024 அக்டோபர் 11 மாலை, ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில். அன்று ஆயுத பூஜை. ஆட்டோக்களெல்லாம் சந்தனப் பொட்டும் வாழைக்கன்றுமாக நின்றன.

மாலை 5.40-க்கு ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. ஜே.சி.பி-யின் கையைத் தூக்கி இறக்குகிறதே, அதே எண்ணெய் அழுத்தம்தான் விமானத்தின் சக்கரம், பிரேக் போன்றவற்றையும் இயக்குகிறது. 140 பேருக்கு மேல் உள்ளே இருக்க, விமானம் திருச்சி, புதுக்கோட்டை வானத்தில் வட்டமடிக்க ஆரம்பித்தது. கீழே ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டிகளும் வரிசை கட்டின. டி.வி-க்கள் நேரலையில் இறங்கின.

மளிகைக் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் எங்கள் நிபுணர். மகளைப் பார்க்க ஆறு முறை சிங்கப்பூர் போய் வந்தவர். தெருவில் எல்லோருக்கும் ‘சிங்கப்பூர் மாமா’.

“பெட்ரோலை மேலேர்ந்து கொட்டறான் பாருங்கோ. சக்கரம் ஜாம். இனிமே வயித்தாலதான் இறக்கணும். ஓடுபாதையெல்லாம் நுரை அடிச்சாகணும்” என்று அடுக்கிக்கொண்டே போனார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பூக்கார அம்மாவும் ஒருவர். கையில் தொடுத்துக்கொண்டிருந்த சரம் அப்படியே நின்றுவிட்டது. “ஏன் சாமி, எண்ணெய் தீந்து போச்சுன்னா என்ன பண்ணுவாங்க? என் பையன் அதுலதான் போறான்” என்றார். மதியம்தான் மகனை ஏற்றிவிட்டு, பூஜை வியாபாரத்தை விடக் கூடாதென்று ஓடி வந்திருக்கிறார். போன் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்; அணைத்திருப்பதாகவே வருகிறது.

மாமாவின் முகம் மாறியது. ஆனால், வாய் நிற்கவில்லை.

என் ஒன்றுவிட்ட அண்ணன் விமானப் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் வைத்தேன்.

“அம்மா, பயப்படாதீங்க. அது போயிங் 737. நடுவானில் எரிபொருளைக் கொட்டுற வசதியே அதுல கிடையாது. போயிங் 777 மாதிரி பெரிய விமானங்கள்லதான் உண்டு. ஷார்ஜாவரைக்கும் நாலு மணி நேரத்துக்கு மேல பறக்கணும்னு எண்ணெய் நிறைய போட்டிருப்பாங்க. அந்த கனத்தோட இறங்கினா பிரேக்குக்குக் கஷ்டம். அதான் சுத்திச் சுத்தி எரிச்சுத் தீர்க்கறாங்க. எவ்வளவு மிச்சம் வெக்கணும்னு கணக்கு இருக்கு. ஹைட்ராலிக் போனாலும் கையால ஒரு பிடியை இழுத்தா, சக்கரம் தன் கனத்துலேயே கீழே இறங்கிப் பூட்டிக்கும். இதையெல்லாம் அவங்க பயிற்சில பண்ணிப் பார்த்தவங்கதாம்மா” என்றார்.

அம்மாவுக்கு எவ்வளவு புரிந்ததோ, நாரை மறுபடி கையில் எடுத்தார்.

8.15 வாக்கில் விமானம் தரையிறங்கியது. சக்கரங்கள் வழக்கம்போலவே இறங்கியிருந்தன, வயிறும் உரசவில்லை. தெருவில் சரவெடி வெடித்தார்கள்.

மாமா அடுத்த சுற்றை ஆரம்பித்தார். “கிளம்பறப்பவே பிரேக் அடிச்சிருக்கணும். 2018-ல சுவத்துல இடிச்சானே, அப்பவும் இதே தப்புதான். அதுவும் அக்டோபர், அதுவும் வெள்ளிக்கிழமை, அதுவும் நவராத்திரி!”

தேதிப் பொருத்தம் உண்மைதான். 2018 அக்டோபர் 12, வெள்ளிக்கிழமை அதிகாலை 1.20 மணி அளவில் திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய விமானம், ஓடுபாதைக்கு அப்பால் இருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் உரசிவிட்டுப் பறந்தது. பயணிகள் 130, ஊழியர்கள் 6. நான்கு மணி நேரத்துக்கு மேல் பறந்து, மும்பையில் இறக்கியபோதுதான் அடிவயிறு கிழிந்திருந்தது தெரிந்தது. யாருக்கும் காயமில்லை. (பஞ்சாங்கப்படி விடிந்தால்தான் வெள்ளி, அந்த நேரத்துக்கு அது வியாழக்கிழமை. மாமாவிடம் சொல்லவில்லை, பாவம்.)

‘பிரேக் அடித்திருக்க வேண்டும்’ என்பது கேட்க எளிது. திருச்சி ஓடுபாதை சுமார் 2,480 மீட்டர். விமானத்தின் எடை, காற்று, வெயில், ஓடுபாதை நீளம் எல்லாம் பார்த்து ஒவ்வொரு பயணத்துக்கும் ‘வி1’ என்றொரு வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். அதற்கு முன்னால் பெரிய கோளாறு தெரிந்தால் நிறுத்தலாம். தாண்டிவிட்டால், ஒரு இன்ஜின் போனாலும் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். நிறுத்த மிச்சப் பாதை போதாது. நீங்கள் இருக்கும் விமானம் அப்படி ஓடிவந்து சட்டென நின்றால், தீய்ந்த வாடை வரலாம். “இன்ஜின்ல தீ!” என்று பக்கத்து சீட்டில் அலறல் கேட்கும். பெரும்பாலும் அது சூடேறிய பிரேக். சூடு மிஞ்சினால் டயர் வெடிக்காமலிருக்க, சக்கரத்தில் உருகும் அடைப்பான்கள் உண்டு; அவை உருகிக் காற்றை மெல்ல வெளியே விடும். பிரேக் ஆறும்வரை உங்களை மணிக்கணக்கில்கூட உட்கார வைப்பார்கள்.

2018-ல் நடந்தது வேறு. வேகமெடுக்கும்போது தலைமை விமானியின் நாற்காலிச் சாய்மானம் பின்னால் சரிந்துவிட்டது. பிடிக்கப் போன கை, இன்ஜின் விசைக் கைப்பிடியைக் குறைத்துவிட்டது. துணை விமானி பொறுப்பை எடுத்துக்கொண்டார். ஆனால், விசை குறைந்ததை இருவருமே கவனிக்கவில்லை. விபத்து விசாரணை அமைப்பின் அறிக்கை சொல்லும் விவரம் இது.

அண்ணன் இதை ஸ்பீக்கரில் சொல்லி முடித்ததும், “நாற்காலியா?” என்று கேட்டார் மாமா. கேட்டவர், தான் சாய்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் பூக்கார அம்மாவின் போன் அடித்தது. பையன். அழுகையும் திட்டும் கலந்து பேசி முடித்துவிட்டு, எங்களைப் பார்த்தார். “மேல சுத்தறது எதுக்குன்னு அவனுக்கே தெரியலையாம் சாமி. நான்தான் சொன்னேன்” என்றார்.